நாலாம் பகுதிக்கு முன்

பந்து உயரே போனது. அதைப் பிடிக்க இரண்டு பெண்கள் ஒன்றாக எழும்பினார்கள். ஒருத்திதான் காலூன்றி இறங்கினாள்.

மற்றவள் டிலக்சி. அவளுடைய தலை தரையில் மோதிய சத்தம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற மாக்கிறேட்டுக்குக் கேட்டது.

கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு எழும்பி, சிவப்புச் சட்டையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். டென்மார்க் கொடிகளோடு நின்ற சிறு கூட்டம் கைதட்டியது.

மாக்கிறேட் கைதட்டவில்லை. மெல்பேர்ன் ஆஸ்பத்திரிகளில் தாதியாகக் காலம் கழித்தவளுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. அது பிந்தி வந்த சிரிப்பு.

மூன்றாம் பகுதி முடிந்ததற்குச் சைரன் ஊதியது.

டிலக்சி அவளுடைய தங்கையின் மகள். டென்மார்க்கிலேயே பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் அவளுக்கு அந்த நீள்வட்டப் பந்தைப் பார்சலில் அனுப்பியது மாக்கிறேட்தான். அப்போது அந்த ஊரில் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

டிலக்சி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு உதைக்கப் பழக்கினாள். அது பள்ளிக்கூடத்துக்குப் போனது. பள்ளிக்கூடத்திலிருந்து அடுத்த ஊருக்குப் போனது. இப்போது அங்கே சனிக்கிழமைகளில் மைதானம் கிடைப்பதே பெரும்பாடு. அப்படி வளர்ந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு, அவர்களுடைய தலைவியாக, ஃபுட்டியின் சொந்த ஊரான மெல்பேர்னுக்கே விளையாட வந்திருக்கிறாள்.

ஒரு புள்ளி முன்னால் நிற்கிறார்கள். வென்றால் இறுதிப் போட்டி. மாற்றி இறக்க ஆளில்லை.

ஆரஞ்சு அங்கி போட்ட முதலுதவிக்காரி டிலக்சியை நிறுத்திக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். மாக்கிறேட் வேலியைத் திறந்து உள்ளே நடந்தாள்.

தோழிகள் டிலக்சியைச் சுற்றி நின்று, தோளில் கைபோட்டு, டேனிஷில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறுதல் சொல்லுகிறார்கள் என்று முதலுதவிக்காரி நினைத்திருக்க வேண்டும்.

இது எந்த மைதானம்?

முணுமுணுப்பு. பிறகு டிலக்சி ஆங்கிலத்தில் சரியாகச் சொன்னாள்.

கடைசியாகக் கோல் அடித்தது யார்?

மறுபடியும் முணுமுணுப்பு. மறுபடியும் சரியான பதில்.

முதலுதவிக்காரி தலையாட்டி, விளையாடலாம் என்று கட்டைவிரலைத் தூக்கினாள். பெண்கள் மூச்சுவிட்டார்கள்.

டேனிஷ் மாக்கிறேட்டுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பு முந்தியும் பதில் பிந்தியும் வந்ததை அவள் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் பெண்களை விலக்கிக்கொண்டு டிலக்சியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அங்கே வேறு யாருக்கும் விளங்காத மொழியில், ஒரு சின்னக் கேள்வி கேட்டாள்.

“பிள்ளை, இண்டைக்குக் காலமை உன்னை இங்க ஆர் காரிலை கூட்டிக்கொண்டு வந்தது?”

டிலக்சி தயங்கவே இல்லை. இதென்ன கேள்வி என்பதுபோல் பெரியம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா.”

கூட்டிக்கொண்டு வந்தவள் மாக்கிறேட்.

என்ன சொல்லுகிறாள், பதில் சரியா என்று முதலுதவிக்காரி கேட்டாள்.

முணுமுணுப்பு நின்றுபோயிருந்தது. டிலக்சியின் காதோரம் நின்றவள் ஒரு அடி பின்வாங்கி, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மற்றக் கையை உயர்த்தி, ஸ்ட்ரெச்சர் கொண்டுவரும்படி காட்டினாள்.

அந்தப் பெண்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல், அம்மா. ஜனவரியில், கோயிலிலிருந்து சேமக்காலைக் கல்லறைகள் வரை, பனிக்குள் டிலக்சி கதறிக்கொண்டு போன சொல். சவப்பெட்டியைத் தோளில் சுமந்து அவளுக்கு முன்னால் நடந்தவர்கள் அவர்கள்தான்.