நெய்தலின் நாக்கு

"இன்னிக்கு நான் எதிர்ல நிக்க மாட்டேங்க. நீங்க தனியாச் சாப்பிட்டுப் பாருங்க" என்றாள் சங்கவி, இரண்டு கிண்ணங்களை மேசைமேல் வைத்தபடி.

அவள் கணவன் கதிரேசன் கிண்ணங்களை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏன்? எப்பவும் போல நீயும் இரேன்."

"நான் இருந்தா என் மனசு நோகக் கூடாதுன்னு பார்ப்பீங்க. நாளைக்கு விருதுக்காக ருசி பார்க்க வர்றவங்க அதெல்லாம் பார்க்க மாட்டாங்க. எவ்வளவு பெரிய விருது! ரெண்டு இலிஷ் மீன் குழம்புல எதை வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் வெளியே இருக்கேன்."

கதவு சாத்திக்கொண்டது.

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் 'நெய்தல்' உணவகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு மேசை பிடிக்க மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். கிடர்பூர் துறைமுக வாசலில் லாரிக்காரர்களுக்கு இட்லி ஊற்றி விற்ற மாரியப்பனின் மகள்தான் இன்றைய செஃப் சங்கவி. வங்காளத்து மீனும் நம்மூர்ப் புளியும் அவள் சட்டியில் சேர்ந்த அதிசயத்தை எழுதாத பத்திரிகை இல்லை. எழுதியவர்கள் எல்லாரும் இன்னொன்றையும் மறக்காமல் சேர்த்துக்கொள்வார்கள். கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவர் ருசி பார்த்துத் தலையாட்டாமல் எந்தப் பதார்த்தமும் அவள் மெனுவில் ஏறாது.

"என் சமையல்காரங்க என்கிட்ட குறை சொல்லப் பயப்படுவாங்க. அவர் பயப்பட மாட்டார்" என்று பேட்டிகளில் சொல்லிச் சிரிப்பாள்.

கதிரேசன் பயந்துகொண்டுதான் இருந்தான்.

கொரோனா வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனபோது, அவன் நாக்கையும் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அவனுக்குக் காப்பியும் வெந்நீரும் ஒன்றுதான். இன்று சரியாகும், நாளை சரியாகும் என்று சொல்லாமலே இருந்துவிட்டான். உணவகம் மூடிக் கிடந்த நேரம் அது. மறுபடி திறக்க முடியுமா என்று சங்கவி தூங்காமல் புரண்டுகொண்டிருந்தாள். அவளிடம் போய், 'உன் சமையல் எனக்கு இனிமேல் தெரியாது' என்று எப்படிச் சொல்வது?

திறப்பதற்கு முந்தைய நாள் அவள் கரண்டியை நீட்டினாள். வாயில் வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். புருவம் லேசாகச் சுருங்கியிருந்தது.

"என்னமோ குறையுது" என்று சொல்லிவைத்தான்.

"புளியா? இல்ல... உப்பா?"

உப்பு என்றபோது அவள் குரல் கொஞ்சம் தேங்கியது. தலையாட்டினான். அந்தக் குழம்பை ஊரே கொண்டாடியது.

அன்றிலிருந்து அவன் தட்டைப் பார்ப்பதே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான். கல்யாணமான புதிதில்கூட அவளை அவன் அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது அந்த முகம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இந்தக் கிண்ணத்தில் ஒரு வாய், அந்தக் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்துப் பார்த்தான். இதுவும் சூடாக இருந்தது. அதுவும் சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

தண்ணீர் ஜாடியோடு தலைமைச் சமையல்காரன் நவநீத் உள்ளே வந்தான்.

"நவநீத், நீ சாப்பிட்டுப் பார்த்தியா? எது நல்லா இருக்கு?"

"செஃப் வெச்சதுல நான் என்ன சார் சொல்றது? ரெண்டும் பிரமாதம்."

"ஒண்ணைச் சொல்லுப்பா."

"ஐயோ, அது உங்க வேலை சார். சீக்கிரம் சொல்லிடுங்க. செஃப் வெளியே நகத்தைக் கடிச்சிட்டு நிக்கிறாங்க." ஜாடியை வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

ஏதாவது ஒன்றைக் காட்டிவிடலாம். சரியாக இருந்தாலும் இருக்கும். இல்லையென்றால்? நாளை அந்தப் பெரிய மனிதர்கள் ஒரு வாயோடு கரண்டியைக் கீழே வைத்தால், அடுப்படியில் நின்று பார்க்கப் போவது அவள். இத்தனை நாள் அவன் சொன்ன பொய் யாரையும் கெடுக்கவில்லை. இன்று சொன்னால் கெடுத்துவிடும்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

"எதுங்க?"

"உள்ளே வா. முதல்ல உக்காரு."

உட்கார்ந்தாள். "ரெண்டுமே சரியில்லையா?"

"எனக்குத் தெரியலை சங்கவி. எனக்கு ருசியே தெரியாது. கொரோனாவுல போனது, திரும்ப வரவே இல்ல. இத்தனை நாளும் உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிட்டிருந்தேன். நீ தயங்கினா குறையுதுன்னேன். நீ நிம்மதியா நின்னா பிரமாதம்னேன். உன்னை ஏமாத்தணும்னு இல்ல. உன் சாப்பாட்டை ரசிக்க ஒருத்தனாவது வீட்ல இருக்கான்னு நீ நினைச்சுக்கட்டுமேன்னுதான்... நாளைக்கு உன் பேரு கெட்டுடக் கூடாது. திட்டணும்னா திட்டு."

அவள் திட்டவில்லை. கரண்டியை எடுத்து இந்தக் கிண்ணத்தில் ஒரு வாய், அந்தக் கிண்ணத்தில் ஒரு வாய் சாப்பிட்டாள். கரண்டியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அழுகிறாள் என்று பதறிப்போய் அவள் கையை விலக்கினான். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி மனுஷா! அதே காய்ச்சல்ல எனக்கும்தாங்க போச்சு. கைப்பழக்கத்துல ஆக்கி வெச்சிட்டு, உங்க நாக்கை நம்பித்தானே நான் இத்தனை வருஷமா ஊருக்கே சோறு போட்டேன்!"