பன்னிரண்டு மணிக்கு ரிசல்ட்

கியோட்டோவில் செர்ரிப் பூக்களைப் பார்த்துவிட்டு, ஹிரோஷிமாவுக்கு ரயிலேறியிருந்தது அந்தக் குடும்பம். பன்னிரண்டு மணிக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிவு. மகள் ஹொனோகா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சயோகோ நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வந்துச்சாடி?"

"சுரங்கம்மா. சிக்னலே இல்ல."

"கிடைக்கலேன்னா அடுத்த வருஷம் எழுதிக்கலாம். ஊர் சுத்த வந்த இடத்துல எதுக்கு இந்த முகம்?" என்றார் அப்பா தெத்சுரோ.

"ஏற்கெனவே ரெண்டு தடவை போயிடுச்சே!" என்றாள் சயோகோ.

ரயில் வெளிச்சத்துக்கு வந்தது. எண்களைத் தள்ளிக்கொண்டே போன ஹொனோகா, ரயில் என்பதையும் மறந்து கத்தினாள்.

"இருக்கு! 1108 இருக்கு! அம்மா, நீ நர்சிங் காலேஜ்ல சேரப்போற!"

நாற்பத்தாறு வயது சயோகோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்போ ஏப்ரல்லேர்ந்து காலைல சாப்பாடு கட்டுறது யாரு?" என்றார் தெத்சுரோ.

"நீங்கதான்!" என்றார்கள் இருவரும்.