தூரத்தில் இருக்கும் அம்மா

“தலைப்பைப் பார்த்துட்டு என் மேல கோபப்படக் கூடாது டீச்சர். இது நானா எடுத்தது இல்ல, யுனிவர்சிட்டியில கொடுத்தது” என்றபடி காகிதங்களை நீட்டினாள் மாணவி.

டீச்சர் வாங்கிப் பார்த்தாள். ‘தாயைப் பிரிந்து வளரும் பிள்ளைகள்.’ எழுத்துகள் ஒரு கணம் கலங்கின. கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

“கோபம் என்ன கோபம்? ஆனா கட்டுரை சரியில்லைன்னா அடி பலமா விழும். இப்பவே சொல்லிட்டேன்.”

மாணவி சிரித்துக்கொண்டே சிமென்ட் மேடையில் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாணவி என்றால் சின்னப் பெண் இல்லை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டப் படிப்பு படிக்கிறாள். பட்டம் வந்தால் பதவி உயர்வும் வரும். வேலையில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தால் போதும், டீச்சரின் அறைக்கு ஓடி வந்துவிடுவாள். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே டீச்சருக்கும் உயிர் வந்துவிடும். கல்லூரியில் வகுப்பு வகுப்பாகக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவளுக்கு இந்த ஊரில் வாய்த்த ஒரே மாணவி இவள்தான்.

“எங்க, உங்க மையக் கருத்தை வாசிங்க பார்ப்போம்.”

“‘தாயைப் பிரிந்து வளரும் பிள்ளைகளுக்குப் பல பாதிப்புகள் உண்டு, சில நன்மைகளும் உண்டு.’”

“மதில்மேல் பூனை! எந்தப் பக்கம் குதிக்கும்னு படிக்கிறவன் காத்துக்கிட்டு இருக்கணுமா? பல, சிலன்னு வழவழன்னு சொன்னா யாரு சண்டைக்கு வருவா? ‘அதெப்படி, நான் ஒத்துக்க மாட்டேன்’னு ஒருத்தராவது எழுந்து நிக்கணும். அப்பத்தான் அது கருத்து.”

மாணவி அடித்துவிட்டு வேறொன்று எழுதினாள். “‘தாயைப் பிரிந்த பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்.’ இது எப்படி?”

“இல்ல!”

குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து டீச்சர் தணித்துக்கொண்டாள். “எல்லாப் பிள்ளைங்களுமா? சான்று இருக்கா? ஒரே ஒரு பிள்ளை நல்லா வளர்ந்திருந்தாக்கூட உங்க கட்டுரை குப்புற விழுந்துடும்.”

மாணவி பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். “உங்க லீவு மனு திரும்பி வந்துடுச்சாமே டீச்சர்?”

“ம். இந்தத் தடவையும் வீட்டுக்குப் போக முடியாது.”

“உங்க பாப்பாவையாவது இங்க வரச் சொல்லலாமே.”

“வேணாம். இந்த இடத்தை அவ பார்க்கக் கூடாது. எத்தனை தடவை சொல்றது? கட்டுரைக்கு வாங்க. சான்று எங்கே?”

மாணவி பேனாவை மூடினாள். “சான்றுக்காக நாலஞ்சு பிள்ளைங்ககிட்ட பேசினேன் டீச்சர். அதுல ஒண்ணு... உங்க பொண்ணு.”

டீச்சரின் கையில் இருந்த காகிதம் கசங்கியது.

“உங்க தங்கச்சி வீட்டுக்கே போனேன். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் பேசினேன். தப்புன்னா திட்டிடுங்க.”

திட்ட எங்கே வாய் வந்தது? ஆயிரம் கேள்விகளில் ஒன்றுதான் வெளியே வந்தது. “எப்படி இருக்கா?”

“உங்க உயரம் வந்துட்டா. தலையை அவளேதான் பின்னிக்கிறா. சித்தி பின்னினா தொளதொளன்னு இருக்காம். ‘எங்கம்மா பின்னினா கண்ணு ரெண்டும் மேல இழுத்துக்கும்’னு சொல்லிச் சிரிச்சா.”

டீச்சரும் சிரித்துவிட்டாள். மடியில் கிடந்த விரல்கள், அங்கே இல்லாத ஒரு கூந்தலை வகிர்ந்து பின்னத் தொடங்கியிருந்தன.

“படிப்பு?”

“அதுல புலி. சிநேகிதிங்க கேட்டா, ‘அம்மா தூரத்துல இருக்காங்க, வந்துடுவாங்க’ன்னு சொல்லிடுவாளாம். கெட்டெல்லாம் போகல டீச்சர். நீங்க சொன்னதுதான் சரி.” மாணவி குரலைத் தாழ்த்தினாள். “ஆனா நான் கிளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்து ஒண்ணு கேட்டா. ‘அம்மாவுக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கலையா ஆன்ட்டி?’ன்னு.”

டீச்சர் உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தாள். கைக்குட்டை அளவு வானம் தெரிந்தது. பிறகு பேனாவை வாங்கி, மாணவி எழுதியிருந்த வரியை அடித்தாள். அதன் கீழே மெல்ல எழுதினாள். மாணவி எட்டிப் பார்த்து வாசித்தாள்.

“‘தாய் தூரத்தில் இருப்பதால் பிள்ளை உடைவதில்லை, தாய் தன்னை ஒதுக்கிவிட்டாள் என்று நம்பும்போதுதான் உடைகிறது.’ இதை யாராவது மறுப்பாங்களா டீச்சர்?”

“மறுப்பாங்க. இத்தனை நாளா நானே மறுத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?” டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லி என் தங்கச்சிகிட்ட சொல்றீங்களா?”

“சொல்றதா? நானே போய்க் கூட்டிட்டு வரேன் டீச்சர்!”

வெளியே மணி அடித்தது. மாணவி துள்ளி எழுந்து, பேனாவையும் காகிதங்களையும் வாங்கிக்கொண்டாள். “நாளைக்கு முடிவுரை பார்த்துடலாம். வரேன் டீச்சர்.”

வெளியே போனவள் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். காக்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்று, நடையின் கோடியில் வந்துகொண்டிருந்த மேலதிகாரிக்கு சல்யூட் அடித்து உரக்கச் சொன்னாள்:

“கடைசி அறையில கைதி ஒண்ணு, உள்ள இருக்கு மேடம்!”