அறுபத்தேழு சென்டி

"அளவு தப்புண்ணே. இந்தத் துணியில நான் கத்தரி வைக்க மாட்டேன்" என்றாள் செலின்.

ஆபிரகாம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். பசுந்தாங் பேட்டையில் ஒரு மூன்றாவது மாடியில் நாலு மெஷின் போட்டு, வெளிநாட்டுக்கு விளையாட்டு உடுப்பு தைத்து அனுப்புகிறவர் அவர். துணி வெட்டுவதெல்லாம் செலின். அவள் வெட்டினால் நூல் பிசகாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவரும் அவரே.

"இடுப்பு அறுவத்தேழுன்னு தெளிவா போட்டிருக்கே, செலின்."

"இல்மாவுக்கு ஏதுண்ணே அறுவத்தேழு?"

இல்மா பின்லாந்துக்காரி, ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. பதினாலு வயதிலிருந்து அவள் போட்டிக்கு உடுத்துவதெல்லாம் இந்த மாடியில் தைத்ததுதான். செலின் அவளை நேரில் பார்த்ததில்லை. போனில் அவள் ஆடும் வீடியோக்களைப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஆனாலும் பெற்ற தாயைவிட அந்தப் பெண்ணின் உடம்பு தனக்குத்தான் தெரியும் என்று அடித்துச் சொல்வாள்.

வருடா வருடம் வரும் இடுப்பளவை மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிய அட்டையில் எழுதி வைத்திருந்தாள். இல்மா ஏறி வந்த ஒவ்வொரு படியும் அதில் இருந்தது. சிறுமியர் போட்டியில் ஆடியபோது அறுபத்து நாலு. தேசிய அணியில் சேர்ந்தபோது அறுபத்தொன்று. முதல் பதக்கம் வாங்கிய வருடம் ஐம்பத்தெட்டு. கடைசியாக வந்தது ஐம்பத்தைந்து.

"வளர்ற வயசுல இப்படிக் குறைச்சிக்கிட்டு வர்றது சும்மாவாண்ணே? வாயைக் கட்டணும். அது தவம்" என்றாள் செலின். ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகளைக் காட்டினாள். "நம்ம ஷீபாவைப் பாருங்க. மீன் சாறு ஊத்தின மொய்ங்கா நூடுல்ஸ் கடையைக் கண்டா முன்னெல்லாம் காலு நகராது. இப்பத் தலையைத் திருப்பிக்கிட்டுப் போறா. எல்லாம் இல்மாவைப் பாத்துக் கத்துக்கிட்டது."

ஷீபாவுக்குப் பதினாறு வயது. அவளும் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். பயிற்சி முடிந்து நேரே இங்கே வந்தவள், டிபன் பாக்ஸைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனில் இல்மாவின் பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடலியாம்மா?" என்றார் ஆபிரகாம்.

"பசிக்கல மாமா."

ஆபிரகாம் மறுபடி தாளுக்கே வந்தார். "போன வருஷம் ஆர்டரே வரலியே. ரெண்டு வருஷத்துல பொண்ணு வளந்திருப்பா."

"இருவது வயசுல என்னண்ணே வளர்றது? முட்டி கிட்டி அடிபட்டு ஓய்வுல இருந்திருப்பா. டைப் அடிச்சவன் அம்பத்தேழுக்குப் பதிலா அறுவத்தேழுன்னு அடிச்சிட்டான். யானைக்கும் அடி சறுக்கும்."

"எதுக்கும் கேட்டு எழுதியிருக்கேன். அங்க இப்பத்தான் விடியுது. பதில் வரட்டும்."

"நாலு மணிக்குக் கரண்ட் போயிடும். காலையில பார்சல் போயாகணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

உண்மைதான். துணியும் அங்கிருந்தே வந்தது, ஒரே ஒரு உடுப்புக்கு. தப்பாக வெட்டினால் மாற்றுத் துணி கிடையாது.

"ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றாண்ணே. அந்த ஒல்லி மரக்கட்டை மேல ஏறி ஆடுறப்ப உடுப்பு தொளதொளன்னு தொங்கினா மார்க் போடுறவங்க என்ன நெனைப்பாங்க? அந்தப் புள்ள என் கையால அவமானப்படணுமா?"

அவள் குரல் லேசாக உடைந்தது. ஆபிரகாம் தாளை மடித்து மேஜையில் வைத்தார். "உன் கைக்கு மேல என்ன இருக்கு. வெட்டு" என்றார்.

செலின் வழக்கம்போல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஐம்பத்தேழு என்று குறித்தாள். கத்தரி ஒரே ஓட்டமாக ஓடியது.

பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது ஆபிரகாமின் போனில் பதில் வந்து விழுந்தது. அவர் ஆங்கிலத்தை மனதுக்குள் வாசித்தார். பிறகு மெதுவாகத் தமிழில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இல்மாவோட அம்மா எழுதியிருக்காங்க. அளவு சரிதானாம். 'என் மகள் சாப்பிடாமலே இருந்து நோயாகி, பதினோரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு ராத்திரி இதயம் நின்று, திரும்பத் துடித்தது. மெலிகிறாள் என்று நானும் சந்தோஷப்பட்டவள்தான். இந்த அறுபத்தேழுக்கு அவள் பட்ட பாடு எந்தப் பதக்கத்துக்கும் பட்டதில்லை. ஒரு சென்டிகூடக் குறைத்துவிடாதீர்கள். உடுப்பு இறுக்கினால் மறுபடி பட்டினி கிடப்பாள்.' இவ்வளவுதான்."

செலினின் கையிலிருந்த குண்டூசி கீழே விழுந்தது.

"பதறாதே" என்றார் ஆபிரகாம். "ரெண்டு பக்கமும் கறுப்புத் துணியில பட்டி வச்சா அறுவத்தேழு வந்திடும். துணிதானே, ஒட்டுப் போட்டுக்கலாம்."

செலின் துணியைப் பார்க்கவில்லை. எழுந்து ஜன்னலோரம் போய் மகளின் டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். காலையில் அமுக்கி வைத்த சோறு, கரண்டித் தடம்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது.

சுவரில் இருந்த அட்டையில் இல்மாவின் எண்களுக்குப் பக்கத்திலேயே பென்சிலில் இன்னொரு வரிசை இருந்தது. அறுபத்தாறு, அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு. போன சனிக்கிழமை இதே இடத்தில் ஷீபாவின் இடுப்பில் டேப்பைச் சுற்றி, "இன்னும் மூணே சென்டிதான்டி, இல்மாவைப் பிடிச்சிடுவே" என்று முத்தம் கொடுத்து, அந்தக் கடைசி எண்ணை எழுதியவள் செலின்தான்.