அத்தானும் புதினாச் சட்னியும்

மாலை வகுப்பில் ‘கைரல்’ படித்தோம். இடது செருப்பு வலது காலுக்குப் பொருந்தாததைப் போல, கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறும் உடம்புக்குப் பொருந்தாதாம். எனக்குப் புரிந்ததா என்பது சந்தேகம்தான்.

ஆளை நொடியில் ஊர்விட்டு ஊர் அனுப்பும் மதுரைப் பயணப்பெட்டி அத்தானை இடவலம் மாற்றி இறக்கியதிலிருந்து, எதைத் தின்றாலும் இளைக்கிறார். புதினாகூட அவருக்குச் சோம்பாக மணக்கிறது. ஆகவே சட்னியையும் மாற்றிவிட, அதே பெட்டியில் திருச்சிக்கு அனுப்பி, கவனமாகத் திரும்ப வரவழைத்தேன்.

அத்தான் நக்கிப் பார்த்தார். “மறுபடியும் சோம்புதான், வளரு.”

“போறப்ப மாறுனது வர்றப்ப திரும்ப மாறிருச்சுடி, மக்கு!” என்றாள் அக்கா.

அத்தான் துள்ளி எழுந்தார். “அப்ப நானே ஒருவாட்டி போனாப் போதுமே!”

பெட்டியில் திருச்சி போனவரைப் பஸ்ஸில் திரும்பச் சொன்னோம். வழியில் விராலிமலையிலிருந்து போனில் பேசினார்: “வளரு, இங்க புதினா புதினாவாவே இருக்கு! இன்னும் நாலு தோசை சொல்லியிருக்கேன்.”