கொசு எச்சிலுக்கு ஒரு குப்பி ரத்தம்

வலியசாலை சமுதாயக் கூடத்தில் காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாக மேசைமேல் விழுகிறது. பஞ்சு, ஊசி, மூடி போட்ட சின்னக் குப்பிகள், நான் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதக் காகிதம். ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்க வந்த மலையாளப் பெண் நீது, கையுறையை இழுத்துவிட்டபடி என்னிடம் சொல்கிறாள்: "கொசு குத்தினா முதல்ல எச்சிலத்தான் விடும் அப்பூப்பா. மலேரியாக் கிருமி அதோடதான் உள்ள போகும். அந்த எச்சில் புரதத்த ஒங்க ரத்தம் எதிர்க்குதான்னு பாக்கணும். தடுப்பூசிக்கு ஒதவலாம்." "எழுபது வருசமா கொசு குடிக்கு. ஒருநாளும் கையெழுத்து கேக்கல. நீ காயிதம் நீட்டுதியே, அதான் பயம்" என்கிறேன். பக்கத்தில் இருக்கும் என் பெண்டாட்டி தாயம்மை சிரிக்கவில்லை. எங்கள் மூத்தவள் ஆறு வயதில், மங்களூரில், மலேரியாவில் நடுங்கிச் செத்தாள். "இதால சின்னப் பிள்ளைங்க சாவாம இருக்குமா மக்ளே?" என்று தாயம்மை கேட்கிறாள். நீது ஊசியைக் கீழே வைக்கிறாள். "தெரியாது அம்மூம்மா. சத்தியமா அறிஞ்சூடா. பத்து வருஷம் ஆகலாம். ஒண்ணும் கிடைக்காமலும் போகலாம்." மின்விசிறி கடகடக்கிறது. விடிவதற்குள் பிள்ளைக்குச் சரியாகிவிடும் என்று அன்றைக்கு அந்த மங்களூர் டாக்டர் நிச்சயமாகச் சொல்லியிருந்தார். தெரியாது என்று ஒரு படித்த வாய் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கையை மேசைமேல் நீட்டுகிறேன். "எடு. நரம்பத் தேடி நாலு தடவ குத்தாத."