நான்காவது ஆள்

மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருத்தர் போய்விடுவார் என்பது தெய்வானைக்கு மட்டும் தெரியாமலா போகும்? வாசலில் புருஷன், மாமியார், தான் என்று மூவர் நின்றதும், தெருவில் போன குடை ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டு நான்காவதாக நிறுத்தினாளாம். "கதை விடாதீங்க அண்ணி, படம் எடுத்தவ நான். மூணு பேர்தான் நின்னீங்க" என்பாள் நாத்தனார் சொர்ணம். அண்ணன் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்தது அதனால்தான் என்பது அவள் கட்சி. முப்பத்தெட்டு வருஷமாக ஒரே வீடு, ஒரே சண்டை. அக்கம்பக்கத்துக்கு அதுதான் பொழுதுபோக்கு.

பரணில் கிடந்த கேமராவுக்குள் அந்தச் சுருள் அப்படியே இருப்பது இப்போதுதான் தெரிந்தது. "கெட்டுப்போன பிலிம், வந்தா வரும்" என்று சொல்லித்தான் ஸ்டூடியோ அந்தோணி கழுவிக் கொடுத்தார். படம் போட அவர் மருந்துத் தட்டில் இட்ட தாளை, இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

கறுப்புதான் முதலில் வருமாம். தரையில் நிழல்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"பாத்தியாடி! நாலு! நல்லா எண்ணிக்கோ!" தெய்வானை முப்பத்தெட்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினாள்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். எந்த மருந்திலும் கரையாத மாமியாரின் முறைப்பு, புருஷன், சின்ன வயசுத் தெய்வானை. அதோடு சரி. புருஷனுக்குப் பக்கத்தில் வெறும் சுவர்.

"இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க தம்பி, வந்துடுவார்" என்றாள் தெய்வானை.

தாள் கறுக்கத் தொடங்கியது. நான்காவது நிழலின் கை, புருஷனுடைய நிழலின் தோளில் இருந்தது.

சொர்ணம் அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி... அன்னைக்கு நீங்க யாரைக் கூப்பிட்டீங்க?"